ஆறு வாத்துகளுக்கான தவிடு

1943ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டேகால். அது ஜப்பான்காரன் திருப்பி வைத்த தோக்கியோ மணி. ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் பழைய கணக்கில் காலை ஆறே முக்கால். இரவு முழுக்க அடித்த மழை விட்டுத் தூறல் மட்டும் மிச்சமிருந்தது. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுப்படியில் என் மனைவி கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கணைக்காலில் என் கட்டை விரலை வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். விரல் பட்ட இடம் ஈரக் களிமண்ணில் காசு பதிந்ததுபோலக் குழிந்து நின்றது. அந்தக் குழி நிரம்பும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாற்பத்திரண்டு வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்று.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"நாப்பது கிட்ட."

"கிட்டன்னு நீங்க சொன்னா அதுக்கு மேலதான். செக்ரோல்ல என் காலுக்கும் ஒரு வரி போட்டாச்சா?"

சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தாள். கை ஊன்றாமல் எழுகிறவள் அவள். அன்று சுவரைப் பிடித்தும் இரண்டு தடவை பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தடவை நான்தான் தூக்கிவிட்டேன். பாதத்தில் எறும்பு ஏறினால் தெரியவில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்று. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஒரு மாதம்.

நான் மலாய் நாட்டில் செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். ஆட்களை எண்ணுவதும், பால் வாளிகளை எண்ணுவதும், எண்ணியதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகும் எண்ணிக்கை ஓயவில்லை. ஆட்கள்தான் குறைந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போனவர்களின் பெயருக்கு எதிரே நான் ஒரு கோடு போடுவேன். கோடுகளை எண்ணக்கூடாது என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நினைத்துக்கொள்வேன். எண்ணிவிடுவேன்.

அவள் காலுக்கு வந்த கேட்டுக்கும் என் எண்ணிக்கைதான் காரணம் என்பது எனக்கு அன்று தெரியாது.

சண்டைக்கு முன்னால் தோட்டத்தில் எல்லோரும் தின்றது ரங்கூன் புழுங்கலரிசி. கப்பல் நின்றதும் அது நின்றது. 1942 டிசம்பரில் சுங்கை பட்டாணியில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் மூலமாகச் சயாம் வெள்ளை அரிசி நான்கு மூட்டை எனக்குக் கிடைத்தது. முத்துப்போலத் தீட்டிய அரிசி. கையில் அள்ளினால் மாவுகூட ஒட்டாது. அன்றைக்கு அது தங்கம். கட்டிலுக்கு அடியில் அடுக்கி, மேலே பழைய பாயைப் போட்டு மூடினேன். பால் டப்பாவால் அளந்து பார்த்தேன். ஒரு மூட்டைக்கு இருநூற்று நாற்பது டப்பா. நான்கு மூட்டைக்குத் தொள்ளாயிரத்து அறுபது. இருவரும் தின்றால் நாளைக்கு நான்கு டப்பா வீதம் இருநூற்று நாற்பது நாள். அவள் மட்டும் தின்றால் நானூற்று எண்பது நாள். நானூற்று எண்பது நாளுக்குள் சண்டை முடிந்துவிடாதா?

அவள் கடைக்காரர் வீட்டுப் பெண். மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. கீரையைக் கண்டால், "ஆடு கட்டியிருக்கீங்களா?" என்பாள். ஆகவே அரிசி அவளுக்கு, கிடைத்தது எனக்கு என்று நானே முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆபீஸில் சிப்பந்திகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் ஆபீஸ் பியூன் பின்கட்டில் ஒரு சட்டி ஏற்றுவார். மரவள்ளிக் கிழங்கு, அதன் கொழுந்து, முருங்கைக் கீரை, கிடைத்தால் ஒரு பிடி பச்சைப் பயறு, கையால் குத்திய செம்மண் நிறக் குறுணை, எல்லாம் ஒரே சட்டியில் வேகும். அதில்தான் நானும் தின்றேன். வீட்டுக்கு வந்து வயிறு நிறைந்தவன்போல ஏப்பம் விட்டுக் காட்டுவேன். அவளோ மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிய அரிசியைப் பொங்கி, கஞ்சியைச் சாக்கடையில் வடித்துவிட்டு, வெள்ளைச் சோற்றில் புளி ரசம் ஊற்றித் தின்றாள். கிராணி வீட்டில் கஞ்சி குடித்தால் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் என்ன பேசுவார்கள் என்ற பயம் அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

ஜனவரி முதல் தேதியிலிருந்து மே பத்தாம் தேதிவரை நூற்று முப்பது நாள். இருநூற்று அறுபது டப்பா.

அன்று தூறல் நின்றதும் டிரஸரை அழைத்து வந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மனிதர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி இருந்தது, மருந்து இல்லை. அவளைக் குந்த வைத்து எழச் சொன்னார். அவளால் முடியவில்லை. ஆடுதசையை அழுத்தினார். அவள் "அம்மா" என்று கத்தினாள்.

வெளியே வந்ததும் டிரஸர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரிபெரி, கிராணி. ஆச்சரியமா இருக்கு. புழுங்கலரிசி திங்கிற நம்ம ஆளுங்களுக்கு இது அவ்வளவா வராது. தங்கச்சி என்ன சாப்பிடுது?"

"நல்ல அரிசி, டிரஸர். சயாம் பச்சரிசி. ஒரு கல், ஒரு நெல் கிடையாது."

"நீங்க?"

"பியூன் சட்டியில வேகுற கிழங்கும் கீரையும்" என்றேன், உள்ளே கேட்காத குரலில்.

"உங்க காலைக் காட்டுங்க."

வாசலில் நின்றபடி காற்சட்டையை முழங்கால்வரை தூக்கினேன். அழுத்தினார். குழி விழவில்லை.

"பாத்தீங்களா? குப்பை திங்கிற கால் கல்லு மாதிரி இருக்கு. அரிசியைத் தீட்டித் தீட்டிச் சத்தையெல்லாம் கோழிக்குக் கொடுத்துட்டாங்க. ஊசி மருந்து இருந்தா ரெண்டு நாள்ல எழுப்பிடுவேன். இல்லையே. தவிடு கொடுங்க. பயறு கொடுங்க. கீரை கொடுங்க. நெஞ்சுக்கு ஏறிடுச்சின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எத்தனை நாள்ல ஏறும்?"

"அதை எண்ணிச் சொல்ல நான் கிராணி இல்ல லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லதைத் தின்றவள் நடக்க முடியாமல் கிடக்கிறாள், கெட்டதைத் தின்ற நான் சைக்கிள் மிதிக்கிறேன். பயத்துக்கு நடுவிலும் அந்தக் கணக்கு என்னைக் குடைந்தது. டிரஸர் சொன்னதை நம்பாமல் இல்லை. ஆனால் இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடுவது சரியில்லை என்று தோன்றியது. மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? கால் வீங்குதா?" என்று கேட்டுச் செக்ரோலின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அறுபத்து மூன்று பேர்.

முதல் ஆள், "ஒண்ணுமில்ல கிராணி" என்றார். இரண்டாவது ஆளும் ஒன்றுமில்லை என்றார். ஆறாவது ஆள், "காத்துதான்" என்றார்.

"காத்துக்கு என்ன தொட்டுக்கிட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பதினெட்டாவது ஆள் வாலிபர். என்னை முறைத்துக்கொண்டே, "எனக்குக் கால் வீங்குது, கை வீங்குது, தலையும் வீங்குது. நடக்கவே முடியாது" என்றார். அதற்குப் பிறகு வந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் கால் வீங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிராணி ஒரு புதிய பட்டியல் எழுதினால் அது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டைக் கேட்டால் கிழங்கைப் பறிக்க வருகிறார்கள். காலைக் கேட்டால் சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுதிய தாளைக் கிழித்து அவர்கள் கண்ணெதிரிலேயே பியூன் மூட்டியிருந்த அடுப்பில் போட்டேன். அதன் பிறகும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸ் பியூன் மட்டும், "கேட்டு என்னாத்துக்கு? லயத்துக் குப்பையைப் போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். எட்டு வீட்டுக் குப்பை. மரவள்ளித் தோல், முருங்கைக் காம்பு, வாழைத்தண்டின் நார், பயற்றந் தோல், பூசணிக் காம்பு. மீன் முள் ஒரே ஒரு வீட்டில், அதுவும் விரல் நீளம். இறைச்சி எலும்பு எங்கும் இல்லை. கஞ்சி வடித்த வெள்ளைத் தடம் எந்தச் சாக்கடையிலும் இல்லை. அந்த எட்டு வீட்டிலும் அந்தக் காலையில் நான் கண்ட கால்கள் மெலிந்த கால்கள், சிரங்கு பிடித்த கால்கள். பசியில்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் பெண்கள் குந்தி உட்கார்ந்து கிழங்கு சீவிவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பெண்மணி, "என்ன கிராணி, இன்னைக்கு வெட்டுக்கு லீவு விட்டுட்டு எங்க இடுப்பை எண்ணுறீங்களா?" என்று கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அன்று மாலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் சாப்பாடு என்று ஒன்று இல்லை என்பதையும் சொன்னேன்.

விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"நாலரை மாசமா எனக்கு மட்டும் பொங்க வச்சீங்க. நான் திங்கறதைப் பாத்துக்கிட்டு ஏப்பம் விட்டீங்க."

"உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"எனக்கு என்ன நல்லதுன்னு என்னைக் கேக்க மாட்டீங்களா? நானூத்தி எம்பது நாள் எண்ணத் தெரியுது, ஒரு வார்த்தை கேக்கத் தெரியல."

அன்று இரவு அவள் சொன்னபடி, ஆபீஸ் சட்டியில் வெந்ததை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்தேன். மரவள்ளிக் கொழுந்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாய் மென்றாள். "ஆடு புத்திசாலிதான்" என்றாள். கிண்ணத்தைக் காலி செய்தாள்.

கீரையும் கிழங்கும் பக்கத்திலேயே இருந்தன. பயறு, கருப்புச் சந்தையில் ஒரு காத்தி, இரண்டு காத்தி என்ற சீன எடையில் கிடைத்தது. முளைகட்டினால் அளவு இரண்டு மடங்காகிறது என்று கண்டுபிடித்து அதையும் அளந்து வைத்தேன். சோற்றுக் கஞ்சியை வடிப்பதை நிறுத்தினோம். ஆனால் டிரஸர் முதலில் சொன்னது தவிடு. நல்ல தவிடு வேண்டுமென்றால் நெல்லை உரலில் குத்துகிற இடத்துக்குப் போக வேண்டும். மில் நெல்லை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். மெர்போக்கின் கம்பங்களில், அந்தக் கிராமங்களில்தான், மலாய்க்காரர்கள் ஒளித்து வைத்த நெல்லைக் காலால் மிதிக்கும் உரலில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிளில் போனேன். டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு திணித்த சைக்கிள். மெர்போக்கில் நான் முதலில் கேட்ட உரல் சத்தம் ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டிலிருந்து வந்தது. அறுபது வயதிருக்கும். மக்சிக் என்று கூப்பிட்டேன், அந்த ஊரில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். மலாயில் பேசினோம். அவர் சொன்னதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"டெடாக் இருக்குமா, மக்சிக்? தவிடு?"

"இருக்கு. என்னாத்துக்கு?"

என் மனைவிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் போட்ட தோட்டத்துக் கிராணி, தன் பெண்சாதிக்குக் கோழித் தீவனம் கேட்டு வந்து நிற்கிறான் என்று அவர் நினைப்பாரே என்று தோன்றியது.

"வாத்துக்கு" என்றேன்.

"எத்தனை வாத்து?"

"ஆறு."

ஏன் ஆறு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எண்ணிக்கை கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடும் பழக்கம்.

ஒரு மூலையில் குவிந்திருந்ததை அள்ளிப் பத்து டப்பா போட்டார். காசு வாங்கவில்லை. "முட்டை போட்டா ரெண்டு கொண்டா" என்றார்.

வீட்டில் அதை வறுத்து, கஞ்சியில் கலந்து கொடுத்தேன். அவள் இரண்டு வாய் விழுங்கினாள். மூன்றாவது வாயில் இருமல் வந்து கண்ணில் நீர் கொட்டியது. தவிட்டில் பாதி உமி. தொண்டையைக் கீறியது. துணியில் சலித்தேன். பத்து டப்பா நான்காயிற்று. அந்த நான்கிலும் முள் முள்ளாக உமி இருந்தது. வெல்லம் போட்டு உருண்டை பிடித்தேன். விழுங்கியதை வாந்தி எடுத்தாள். தவிடு நான்கு நாளில் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும் என்பதால் நான்கு நாளுக்கு ஒரு தடவை மெர்போக் போனேன். ஒவ்வொரு தடவையும் மக்சிக் வாத்துகளை விசாரித்தார். நான் ஒவ்வொரு தடவையும் நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

கணைக்காலில் குழி நிரம்பும் எண்ணிக்கை, கீரையும் பயறும் சேர்ந்த பிறகு நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியது. நான் சந்தோஷப்பட்டேன். மே கடைசியில் அது அப்படியே நின்றது. ஜூன் முதல் தேதி நாற்பது. அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். டிரஸர் வந்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "தவிடு உள்ளே போகுதா?" என்றார். "போகுது, வருது" என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

ஆறாவது தடவை மெர்போக் போனபோது மக்சிக் உரலிலிருந்து காலை எடுத்தார்.

"கெரானி, என் வீட்டுல பதினஞ்சு வாத்து இருக்கு. உன் ஆறும் திங்கறதை அதுங்க திங்கல. இருபது நாள்ல அறுபது டப்பாவா? அதுங்க வாத்தா எருமையா?"

"பெரிய ஜாதி வாத்து, மக்சிக்."

"அப்படியா? வெள்ளிக்கிழமை செமிலிங்ல என் தங்கச்சி பேத்திக்கு நிச்சயம். வர்ற வழியில உன் தோட்டத்துல எறங்கி ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன். அந்த ஜாதி எனக்கும் ஒரு ஜோடி வேணும்."

திரும்பி வரும் வழியில் நான் என்ன யோசித்தேன் என்று இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அடுத்த தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றவே இல்லை. ஆறு வாத்துகளை எங்கே வாங்குவது என்றுதான் யோசித்தேன். வியாழக்கிழமை பீடோங் பக்கத்தில் காய்கறி போடும் சீனர் ஒருவரிடம் ஆறு வாத்து வாங்கி, கால்களைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில் பாரில் பக்கத்துக்கு மூன்றாகத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். ஒன்பது மைல். ஆறும் ஒன்றுவிடாமல் கத்தின.

என் மனைவி சுவரில் சாய்ந்தபடியே பார்த்தாள். "இது என்ன?"

சொன்னேன்.

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு மூச்சிரைப்பாக மாறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். மூச்சு அடங்கியதும், "நான் செத்துட்டா, வாத்து செத்துப்போச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அதை அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜூன் நான்காம் தேதி, பழைய மணி பத்து இருக்கும். மக்சிக் குடையோடு வந்து இறங்கினார். வாத்துகள் வீட்டுக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்தன. அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வளர்த்த வாத்தை யாரும் கட்டிவைப்பதில்லை. குனிந்து ஒன்றின் நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அறுபது டப்பா தின்ன உடம்பா இது?"

உள்ளேயிருந்து என் மனைவி, "உள்ள கூப்பிடுங்க அவங்களை" என்று குரல் கொடுத்தாள். மக்சிக் உள்ளே போனார். சுவரில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தார், நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தன் கட்டை விரலைக் கணைக்காலில் வைத்து அழுத்தி எடுத்தார். குழி நின்றது. அவர் எண்ணவில்லை. எனக்குள் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இதுதான் வாத்தா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா, மக்சிக்."

"முட்டாள்!" அந்தச் சொல்லை மலாயில் ஒரு தடவையும் சயாம் பாஷையில் ஒரு தடவையும் சொன்னார் என்று நினைக்கிறேன். "வாத்துக்குன்னு கேட்டே, வாத்துக்குக் கொடுக்கிறதைக் கொடுத்தேன். முதல் குத்துல விழறது உமித் தவிடு, அது கோழிக்கும் வாத்துக்கும். மனுசனுக்குன்னா ரெண்டாவது குத்துல விழறது, மாவு மாதிரி இருக்கும். எங்க வீட்டுல பிள்ளை பெத்தவளுக்கு அதைத்தான் கொடுப்போம். ஆறு தடவை வந்தே. ஒரு தடவை வாயைத் திறந்தியா?"

என் மனைவிக்கு மலாய் நன்றாகவே தெரியும். "அவருக்கு எண்ணத்தான் தெரியும், மக்சிக்" என்றாள்.

மக்சிக் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார். மெர்போக்குக்கே திரும்பிப்போய், புதிதாக ஒரு தடவை குத்தி, இரண்டாவது தவிட்டைத் தனியாக எடுத்து, வாழையிலையில் சூடாகக் கட்டிக் கொடுத்தார். இளம் பழுப்பு நிறம், பால் வாசனை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பாக இருந்தது. இருபத்திரண்டு நாள் நான் இதற்கு மூன்றடி தள்ளி நின்றிருக்கிறேன்.

காலையில் மூன்று கரண்டி கஞ்சியில், மாலையில் மூன்று கரண்டி தேங்காய்த் துருவலும் நிப்பா என்ற நீர்ப்பனை வெல்லமும் சேர்த்து உருண்டையாக. அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. நானும் அவளோடு உட்கார்ந்து அதையே தின்றேன், தனிப் பொங்கல் அதோடு ஒழிந்தது. கணைக்காலின் எண்ணிக்கை ஜூன் எட்டாம் தேதி முப்பத்திரண்டு. பதினைந்தாம் தேதி பத்தொன்பது. இருபத்திரண்டாம் தேதி எட்டு. இருபத்தொன்பதாம் தேதி விரலை எடுத்த இடத்தில் ஒன்றுமில்லை. நம்பாமல் இடது காலிலும் அழுத்தினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, கை ஊன்றாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

கட்டிலுக்கு அடியில் வெள்ளை அரிசி அறுநூற்றுச் சொச்சம் டப்பா மிச்சமிருந்தது. மக்சிக் தன் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளைச் சோறு வேண்டுமென்று, டப்பாவுக்கு டப்பா கைக்குத்தல் அரிசி கொடுத்து மாற்றிக்கொண்டார். இதனால் உங்கள் வீட்டிலும் கால் வீங்குமே என்று நான் பதறினேன். "நாங்க ஒரு நாள் மட்டும் வெள்ளைச் சோறு திங்கிறவங்க, ஒவ்வொரு நாளும் எலை திங்கிறவங்க" என்று வேலியோரத்து வல்லாரையைப் பிடுங்கி, கழுவி, பச்சையாகவே மென்று காட்டினார். நானும் மென்றேன். கசப்பு. ஐம்பத்தேழு வருஷமாகத் தினமும் ஒரு பிடி மெல்கிறேன், இன்னும் கசப்பு போகவில்லை.

இப்போது நான் இருக்கும் மெர்கோங் கடைகளில் தீட்டாத அரிசியைக் கண்ணாடிப் பையில் போட்டு, வெள்ளை அரிசியைவிட இரண்டு மடங்கு விலை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இறைச்சியை விட்டுவிட்டேன், முட்டையை விட்டுவிட்டேன் என்று ஒரு பட்டியல் சொல்கிறாள். எதை விட்டாய் என்று நான் கேட்பதில்லை, அதற்குப் பதில் எதைத் தின்கிறாய் என்று கேட்கிறேன். வெள்ளைச் சோறும் ரசமும் தின்றவளும் இறைச்சி தின்னவில்லைதான். இலை, பயறு, தவிடு போகாத அரிசி. மூன்றும் தட்டில் இருந்தால் எனக்குக் கவலை கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது. என் மனைவியின் கணைக்காலை நான் மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதை அவள் இன்றும் திட்டிக்கொண்டே அனுமதிக்கிறாள்.

இந்த வைத்தியத்துக்கு ஆன செலவை அந்த ஜூன் கடைசியில் எழுதிக் கூட்டினேன். தவிட்டுக்கு மக்சிக் கடைசிவரை காசு வாங்கவில்லை. கீரை வேலியில் கிடைத்தது. பச்சைப் பயறு ஐந்து வெள்ளி நாற்பது காசு. நிப்பா வெல்லம் மூன்று வெள்ளி இருபது காசு. வாத்து ஆறு, ஒன்று நாலரை வெள்ளி வீதம் இருபத்தேழு வெள்ளி. கூட்டினால், ஜப்பான் நோட்டில், முப்பத்தைந்து வெள்ளி அறுபது காசு.